வேலை கிடைத்துவிட்டது, சரி, என்ன வேலை?

நம் சங்கத்துக்கு வரும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பையன் படிப்பை முடித்துவிட்டான். மும்பையில் ஏதாவது வேலை கிடைக்குமா?" முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரின் சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியலும் பி.எஃப். கணக்கும் எழுதிப் பிழைத்தவன் நான். கிடைக்கும் என்று தயங்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே வேலை கிடைப்பது பெரிய விஷயமில்லை. கிடைத்த வேலைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதுதான் விஷயம். வாயால் சொன்னால் பாதி காதில் ஏறுவதில்லை. ஆகவே எழுத்திலேயே வைத்துவிடுகிறேன்.

முதலில் அரசாங்கக் கணக்கைப் பார்ப்போம். 2017 முதல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீடு வீடாகச் சென்று தொழிலாளர் பற்றிய ஆய்வு ஒன்றைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 2017-18-ல் 6.0 சதவிகிதம் என்றும், 2023-24-ல் 3.2 சதவிகிதம் என்றும் அது சொல்லியது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. நூற்றுக்கு மூன்று பேர்தான் சும்மா இருக்கிறார்களா என்று வியக்க வேண்டாம். வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் இரு தரப்பாரையும் சேர்த்து, அந்தக் கூட்டத்தில்தான் நூற்றுக்கு மூன்று. தேடித் தேடி அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர் அந்தக் கூட்டத்திலேயே இல்லை.

இனி, யாரை வேலை செய்பவர் என்கிறார்கள்? வாரக் கணக்கில், முந்தின ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். மேலே சொன்ன 3.2 வருடக் கணக்கு. அதில் வருடத்தில் பெரும்பகுதி வேலை இல்லாதவர்கூட, முப்பது நாள் துணை வேலை ஏதாவது பார்த்திருந்தால் வேலையுள்ளவர் பட்டியலில் வந்துவிடுவார். சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்துக் கூடையில் கொடுத்தனுப்பும் நம் குடும்பங்கள் உங்களுக்குத் தெரியும். அப்பா தலையில் சுமந்து விற்கிறார். அம்மா மாவரைக்கிறார். பன்னிரண்டாவது முடித்த மகள் வேறு வழி தெரியாமல் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறாள். ஆய்வுக்காரர் ஏட்டில் அந்த வீட்டில் வேலையில்லாதவர் யாரும் இல்லை, மூவருமே வேலையுள்ளவர்கள். சம்பளமில்லாத அந்த மகளுக்குக் 'குடும்பத் தொழிலில் உதவியாளர்' என்று பெயர். 2023-24-ல் நாட்டில் வேலை செய்பவர்களில் மாதச் சம்பளக்காரர் நூற்றுக்கு 22 பேருக்கும் குறைவு. சொந்தத் தொழில் என்ற தலைப்பில் 58 பேர் வந்தார்கள். அந்தத் தலைப்புக்குள் இந்த மகளும் இருக்கிறாள்.

கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. அது உலக வழக்கப்படி எடுக்கும் கணக்குதான். ஆனால் வேலையில்லாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். அடுப்பு எரிய வேண்டிய வீட்டில் யாரும் ஆறு மாதம் நல்ல வேலைக்காகக் காத்திருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார்கள். காத்திருப்பவர்கள், அப்பா சம்பாத்தியத்தில் மூன்று வேளை சாப்பிட முடிகிற பட்டதாரிகள். அதனால்தான் படித்தவர்களிடையே வேலையின்மை அதிகமாகவும் படிக்காதவர்களிடையே குறைவாகவும் இந்த ஆய்வுகளில் வருகிறது. படிப்பு வேலையைக் கெடுத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வாதம் இல்லை, நேரமும் இல்லை.

மும்பையில் 'வேலை' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் வேறு அர்த்தம் இருந்தது. 1854-ல் தாட்தேவில் தொடங்கிய முதல் நூற்பாலைக்குப் பிறகு, பரேல், லால்பாக், வொர்லி என்று புகைபோக்கிகள் நிறைந்த ஒரு தனி ஊரே எழுந்தது. கிரண்காவ், அதாவது ஆலையூர் என்று மராத்தியில் சொன்னார்கள். அங்கே நிரந்தரத் தொழிலாளி ஆகிவிட்டால் விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மருத்துவம், ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டி எல்லாம் உண்டு. ஆனால் நிரந்தரம் ஆவதற்கு முன் பல வருடம் 'பத்லி'யாக நிற்க வேண்டும். பத்லி என்றால் மாற்றாள். ஷிப்டு தொடங்கும் நேரத்தில் ஆலை வாசலில் நின்று, யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் அன்று ஒரு நாள் வேலை. எல்லோரும் வந்துவிட்டால் வெறுங்கையோடு வீடு.

1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. ஒரே சங்கத்துக்கு மட்டும் பேசும் உரிமை தந்த 1946-ஆம் வருடத்துப் பம்பாய்ச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடிவுக்கு வந்ததாக யாரும் அறிவித்ததே இல்லை. நடந்தது என்னவென்றால், தறி ஓட்டும் வேலை பிவண்டியின் விசைத்தறிக் கூடங்களுக்கு நகர்ந்தது. அங்கே மீட்டர் கணக்கில் கூலி, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆலை வேலையை இழந்தார்கள். ஆலை நிலத்தில் இன்று எழுந்து நிற்பவற்றை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடம் கடைவீதியாகிவிட்டது. அங்கே வாசலில் சீருடையோடு நிற்கும் காவலாளிக்கும் வேலை இருக்கிறது. ஆனால் அவர் அந்தக் கடையின் ஆள் அல்ல, ஏதோ ஒரு ஏஜென்சியின் ஆள். ஏஜென்சி மாறினால் அவரும் மாறுவார். பத்லி முறை போய்விட்டது என்று யார் சொன்னது? அன்றைய பத்லிக்கு நிரந்தரம் என்ற ஒரு வாசலாவது எதிரே இருந்தது.

நம்மவர்கள் இந்த ஊருக்கு வந்த வழிகள் வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களில் பலர் தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளில் சேர்ந்தார்கள். தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து ஹையர் பாஸ் என்ற சான்றிதழோடு மாதுங்காவில் இறங்கிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குப் போனார்கள். இரு வகையாருக்கும் வேலை வாங்கித் தந்தது ஊர்க்காரர், உறவுக்காரர். ஒருவர் உள்ளே போனால் மறுவருடம் மைத்துனர் உள்ளே போவார். உள்ளூர் மராத்தி இளைஞர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1966-ல் சிவசேனை தொடங்கியபோது தென்னிந்தியர்மீது வீசிய கோபத்தில் அரசியல் இருந்தது, அடியும் உதையும் இருந்தன; அடியில் குமாஸ்தா உத்தியோகம் யாருக்கு என்ற சண்டையும் இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்து அந்த டைப்பிஸ்ட் நாற்காலியையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. சண்டையில் இரு தரப்புக்கும் அது கிடைக்கவில்லை.

சம்பளப் பட்டியல் எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. எண் பத்தொன்பது. இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு பி.எஃப். சட்டம் பொருந்தும், பொதுவாகப் பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. அதனால் பதினெட்டு, பத்தொன்பது ஆட்களோடு வளராமல் நின்றுபோன பட்டறைகள் இந்த ஊரில் ஏராளம். ஒரே கூரையின் கீழ் அண்ணன் பெயரில் ஒரு கம்பெனி, தம்பி மனைவி பெயரில் ஒரு கம்பெனி! பெயரைப் பிரித்தாலும் ஒரே நிறுவனமாகச் சேர்த்துப் பார்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பார்க்க ஆள் வர வேண்டுமே.

புதிதாக வந்திருப்பது பைக்கில் சாப்பாடும் சாமானும் கொண்டுபோகும் வேலை. விண்ணப்பித்த சில நாட்களில் பை கொடுத்துவிடுகிறார்கள். பெட்ரோல், பைக் தவணை, செல்போன் செலவு எல்லாம் பையனுடையது. ஒரு நாள் வரவைச் சொல்லிப் பெருமைப்படும் பிள்ளையிடம் மாதச் செலவைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 2020-ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புச் சட்டம்தான் இவர்களை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கம்பெனிகள் தங்கள் வருடாந்தர வியாபாரத்தில் 1 முதல் 2 சதவிகிதம் இவர்கள் நலனுக்குத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

தூரத்தையும் சம்பளத்தோடு சேர்த்துப் பாருங்கள். விராரிலிருந்து சர்ச்கேட் சுமார் அறுபது கிலோமீட்டர், பத்லாபூரிலிருந்து சி.எஸ்.டி. அதைவிடத் தூரம். போக வர தினம் மூன்று, நான்கு மணி நேரம் ரயிலில் நிற்பவர், எட்டு மணி நேரச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கொடுக்கிறார்.

சரி, பையனுக்கு ஓர் இடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். என்ன கேட்க வேண்டும்?

எழுத்தில் நியமனக் கடிதம் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களின்படி பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களில் இதைக் கொடுத்தாக வேண்டும். கடிதத்தில் யார் முதலாளி என்று பாருங்கள். வேலை செய்யும் கம்பெனியா, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரா? கான்ட்ராக்டர் என்றால், அவர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே தர வேண்டும் என்ற விதி 1970-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே உண்டு. கேட்பதற்கு அடையாளச் சீட்டும் வருகைப் பதிவும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது 'சி.டி.சி.' என்ற மாய எண். வருடம் மூன்று லட்சம் என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவிடுவார்கள். அது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. முதலாளி கட்டும் பி.எஃப். பங்கும், என்றோ வரப்போகும் கிராஜுவிட்டியும்கூட அதற்குள் அடக்கம். பன்னிரண்டால் வகுத்துக் கையில் வரும் என்று நினைக்கக் கூடாது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். பையனிடமிருந்து 12 சதவிகிதம், அதாவது 1,800 பிடிப்பார்கள். முதலாளியும் 1,800 போட வேண்டும். முதலாளி போடுவதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 550 பையனின் பி.எஃப். கணக்கில் சேரும். பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. ஆகவே சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்று இருந்தால் மட்டும் நம்பாதீர்கள். 2014 முதல் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்ற ஒரே எண் தருகிறார்கள். அதை வைத்து பாஸ்புக்கைச் செல்போனிலேயே பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை மாறும்போது பிள்ளைகள் செய்வது, பழைய பி.எஃப். பணத்தை எடுத்து பைக்கோ போனோ வாங்குவது. எடுக்கும்போது ஓய்வூதியத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருடங்களும் போய்விடுகின்றன. மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருட சேவை வேண்டும். மூன்று வருடம் ஓரிடம், நான்கு வருடம் ஓரிடம், மூன்று வருடம் ஓரிடம் என்றாலும், அதே எண்ணைக் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொண்டே வந்தால் பத்து வருடம் ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. புதிய இடத்தில் சேரும் நாளன்று "பழைய யு.ஏ.என். இருக்கிறதா?" என்று கேட்கும்போது, இல்லை என்று சொல்லிப் புது எண் வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தை வீட்டில் காலண்டருக்குப் பின்னாலாவது அம்மாக்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.