தைப்பூசத்தன்று பஸ் ஓட்டுபவருக்கு என்ன கிடைக்கிறது?

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை, ஜுருவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு பஸ் ஓட்டுநர் அண்ணனைப் பார்த்தேன். கண்கள் சிவந்திருந்தன. முதல் நாள் விடியும் முன்பே வண்டியை எடுத்து, பினாங்கு பாலத்தில் போவதும் வருவதுமாக இரவு வரை தண்ணீர்மலைக்கு ஆள் ஏற்றி இறக்கியவர்.

“நேத்து டபுள் கிடைச்சிருக்குமே, அண்ணே” என்றேன்.

“எங்க கம்பெனி லீவு லிஸ்டுல தைப்பூசமே இல்ல தம்பி. அது சாதாரண நாள் கணக்குதான்” என்றார், தேநீரைக் கலக்கிக்கொண்டே.

பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை. அப்படியிருக்க இது எப்படி நடக்கிறது? பலருக்கும் இது தெரியவில்லை.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு முதலாளி ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் கொடுக்க வேண்டும். அவற்றில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறை, அரசாங்கம் அறிவித்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி என்று அந்த ஆறும் வேகமாக நிரம்பிவிடும். தைப்பூசத்துக்கு இடம் இல்லாமல் போனால் சட்டத்தை மீறியதாகாது. பட்டியலில் இருந்தாலும்கூட, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்த விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதனால் பணத்தில் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் மாதம் 2,080 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 80 வெள்ளி, எட்டு மணி நேரக் கணக்கில் மணிக்கு 10 வெள்ளி. தைப்பூசத்தன்று அவர் எட்டு மணி நேரம் வேலையும் நான்கு மணி நேரம் ஓவர்டைமும் செய்கிறார். அந்த நாள் பட்டியலில் இருந்தால், மாதச் சம்பளம் போக இரண்டு நாள் சம்பளம், அதாவது 160 வெள்ளி, கூடுதலாகக் கிடைக்கும். பொது விடுமுறை ஓவர்டைம் மூன்று மடங்கு என்பதால் அதற்கு 120 வெள்ளி. ஆக மொத்தம் 280. பட்டியலில் இல்லாவிட்டால், ஒன்றரை மடங்கு ஓவர்டைமாக 60 வெள்ளி மட்டும். அதே பாலம், அதே நெரிசல், அதே 12 மணி நேரம். ஆபீஸ் சுவரில் ஒட்டிய ஒரு தாளால் 220 வெள்ளி வித்தியாசம்.

டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். பட்டியலில் உள்ள பொது விடுமுறையில் ஓட்டினால் டிரிப்புக்கு இரு மடங்கு கூலி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

பட்டியலில் இருந்தாலும் கதை அத்தோடு முடிவதில்லை. பினாங்குத் தைப்பூசம் ஒரு நாள் விழாவா என்ன? 2025ல் பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ரத ஊர்வலமும் சாலை அடைப்பும் முதல் நாள் திங்கட்கிழமையே ஆரம்பம். ரதம் திரும்பியது புதன்கிழமை. மூன்று நாள் பாரத்தில் நடு நாள் மட்டுமே விடுமுறை. வழி மாற்றி ஓட்டுவதும், ஒரே டிரிப்புக்கு இரண்டு மடங்கு நேரம் எடுப்பதும், குழந்தையும் பால்குடமுமாக ஏறுபவர்களுக்காகக் காத்து நிற்பதும் மூன்று நாளும் உண்டு. சட்டம் நாட்காட்டியைப் பார்க்கிறது. வேலை பளு நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

அதனால்தான் விழாக்காலப் படி என்று தனியாக ஒன்று வேண்டும் என்கிறேன். ஆண்டு போனஸ் வேறு, இது வேறு. ஆண்டு போனஸ் நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்தது. இதுவோ குறிப்பிட்ட நாட்களில் கூடிய வேலைக்கான கூலி.

லண்டனில் 2012 ஒலிம்பிக்கின்போது இதே கேள்வி எழுந்தது. சுரங்க ரயில் ஊழியர்களுக்கு நிபந்தனைகளோடு 850 பவுண்டு வரை தர முன்கூட்டியே உடன்பாடு ஏற்பட்டது. பஸ் ஓட்டுநர்களோ பல தனியார் நிறுவனங்களில் சிதறிக் கிடந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. 500 பவுண்டு கேட்ட அவர்களின் சங்கம் ஜூன் 22ஆம் தேதி ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தது. கடைசியில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டும் நடக்கும் 29 நாட்களில், ஒரு ஷிப்டுக்கு 27.50 பவுண்டு என்று முடிவானது. அதற்கு ஒலிம்பிக் பணிகளுக்கான அரசு ஆணையம் பணம் ஒதுக்கியது. எனக்குப் பிடித்தது அந்த ஷிப்டுக் கணக்குதான். வந்து ஓட்டியவருக்குக் காசு. யாருடைய தயவும் அதில் இல்லை.

நம் பக்கமும் அதே நிலைதான். ரேபிட் பினாங்கு போன்ற பெரிய நிறுவனம் ஒரு பக்கம். தொழிற்சாலை பஸ், சுற்றுலா பஸ், வேன் என்று சின்னச் சின்ன முதலாளிகள் மறுபக்கம். ஜுரு, பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்து நம் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் ஸ்டீயரிங் பிடிக்கிறார்கள்.

“போலீஸ்காரர், நர்ஸ் எல்லாரும்தானே விழாவில் வேலை செய்கிறார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவர்களுக்கும் கிடைக்கட்டும். ஒருவருக்கு இல்லை என்பதற்காக இன்னொருவருக்கும் இல்லை என்றால் அது என்ன கணக்கு? ஆனால் பணத்தைக் காட்டி ஓட்டுநரைத் தூங்கவிடாமல் ஓட்ட வைப்பதற்கு நான் ஆதரவில்லை. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. படி வேண்டும், மாற்று ஓட்டுநரும் வேண்டும்.

பேச்சு வார்த்தை விழாவுக்கு முன்பே நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அரசுப் போக்குவரத்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி முதலான கோரிக்கைகள். பண்டிகை நேரத்தில் மக்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. ஜனவரி 9ல் தொடங்கியது, மறுநாளே தள்ளிவைக்கப்பட்டது. கோரிக்கை நியாயமாக இருந்தாலும், ஊருக்குப் போக முடியாமல் பஸ் நிலையத்தில் நிற்பவர் ஓட்டுநர் பக்கம் நிற்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது நம்மைப் பற்றியது. தோட்டத்திலிருந்தும் தாமானிலிருந்தும் காவடிக்கு பஸ் பிடிப்பது நாம்தான். வாடகையைப் பேரம் பேசிக் குறைக்கிறோம். ஓட்டுநருக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி வர நான்கு மணி நேரம் தாமதிக்கிறோம். வண்டியிலேயே அவர் காத்திருக்கும் அந்த நேரத்துக்கு யார் கணக்கு? அடுத்த முறை வாடகை பேசும்போது, ஓட்டுநருக்கு இவ்வளவு, இத்தனை மணிக்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு என்று தனி வரியாக எழுதிக் கையில் கொடுங்கள். முப்பது நாற்பது பேர் பகிர்ந்தால் தலைக்கு இரண்டு மூன்று வெள்ளிதான் கூடும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆறு விடுமுறைகளின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் முன்பே வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டிசம்பரிலேயே போய்ப் பாருங்கள். தைப்பூசம் இல்லையென்றால் அப்போதே நிர்வாகத்திடம் கேளுங்கள். பட்டியலே ஒட்டப்படவில்லையா? தொழிலாளர் இலாகாவுக்குப் போகும்போது சம்பளச் சீட்டுகளையும் வேலை நேர அட்டவணையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.