மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களின் நன்மையும் குறையும்: திண்டிவனம், விக்கிரவாண்டி தேர்தல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களின் வாக்குச்சாவடிகளில் வாக்குச்சீட்டின் இடத்தை மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பெற்றுவிட்டது. எனினும் அதன் நம்பகத்தன்மை குறித்த விவாதம் ஓயவில்லை. இவ்விவாதம் பெரும்பாலும் முழு ஏற்பு, முழு மறுப்பு என்னும் இரு முனைகளில் நின்றுவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் 101 வாக்கு வேறுபாட்டில் முடிந்த ஒரு தேர்தலையும் 67,757 வாக்கு வேறுபாட்டில் முடிந்த மற்றொரு தேர்தலையும் ஒப்பிட்டு, இயந்திரத்தின் பயன்களையும் அதன் சரிபார்ப்பு முறையில் உள்ள குறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், விவிபாட், வாக்கு வேறுபாடு, சரிபார்ப்பு, திண்டிவனம், விக்கிரவாண்டி.

முன்னுரை

தேர்தலில் வென்றவர் தம் வெற்றியை எளிதில் நம்புவார். தோற்றவரும் நம்பும் வகையில் முடிவை நிறுவிக் காட்டுவதே தேர்தல் முறையின் கடமையாகும். 2016ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் திண்டிவனம் (தனி) தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் அ.தி.மு.க. வேட்பாளரை 101 வாக்குகளில் வென்றார். 2024 ஜூலை 10 அன்று நடைபெற்ற விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் பா.ம.க. வேட்பாளரை 67,757 வாக்குகளில் வென்றார். இரண்டிலும் வாக்குகள் இயந்திரத்திலேயே பதிவாயின. ஆனால் இவ்விரு முடிவுகளையும் ஐயமற நிறுவத் தேவைப்படும் சான்றின் அளவு ஒன்றன்று.

இயந்திரம் நிலைபெற்ற வரலாறு

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இவ்வியந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. அங்கு வெற்றி வேறுபாடு 123 வாக்குகளே. இயந்திரத்தைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை எனக் கூறி, அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த உச்ச நீதிமன்றம் 1984இல் ஆணையிட்டது. இதன் விளைவாக 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் எல்லாத் தொகுதிகளிலும், 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாட்டின் 543 தொகுதிகளிலும் இயந்திரமே பயன்படுத்தப்பட்டது.

பெங்களூருவிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத்திலுள்ள எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. வாக்குச்சாவடி அலுவலரிடம் கட்டுப்பாட்டுக் கருவியும், மறைவிடத்தில் வாக்காளர் பொத்தானை அழுத்தும் கருவியும் இருக்கும். அலுவலர் அனுமதித்தாலன்றி அடுத்த வாக்கு பதிவாகாது. இணையத்துடனோ பிற வலையமைப்புடனோ இயந்திரத்திற்குத் தொடர்பில்லை.

நன்மைகள்

முதலாவது, செல்லாத வாக்கு என்னும் சிக்கல் சாவடியில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வாக்குச்சீட்டில் முத்திரை இரு சின்னங்களுக்கு இடையே விழுந்தாலோ, மை மறுபக்கம் படிந்தாலோ அது யாருக்குரிய வாக்கு என்னும் பூசல் எழும். 101 வாக்கு வேறுபாடுள்ள ஒரு தொகுதியில் இத்தகைய சில நூறு சீட்டுகளே முடிவைத் தீர்மானித்துவிடும். இதே 2016இல் இராதாபுரத்தில் வெற்றி வேறுபாடு 49 வாக்குகள். அங்கு நீதிமன்றம் வரை சென்ற வழக்கின் மையமாக அமைந்தவை தாளில் பதிவான அஞ்சல் வாக்குகள் என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, வேட்பாளர் எண்ணிக்கை மிகும்போது இயந்திரம் கைகொடுக்கிறது. 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் களமிறங்கியதால், வாக்குச்சீட்டு ஒரு நூலைப் போல அச்சிடப்பட வேண்டியதாயிற்று. விக்கிரவாண்டியில் 29 வேட்பாளர்களும் நோட்டாவும் சேர்ந்து 30 பொத்தான்கள் தேவைப்பட்டன. ஒரு கருவியில் 16 பொத்தான்களே உண்டாகையால், சாவடிதோறும் இரு கருவிகளை இணைத்ததே போதுமானதாயிற்று.

மூன்றாவது, சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக முத்திரையிடும் முறைகேடு கடினமாகியுள்ளது. ஒரு நிமிடத்தில் பதியக்கூடிய வாக்குகள் நான்கைந்தே என்பதாலும், 'மூடு' பொத்தானை அழுத்தியவுடன் பதிவு நின்றுவிடுவதாலும் குறுகிய நேரத்தில் பெருமளவு கள்ள வாக்குகளைப் பதிய இயலாது.

குறைகள்

வாக்குச்சீட்டு எண்ணிக்கையை எழுத்தறிவுடைய எவரும் கண்ணால் கண்டு சரிபார்க்கலாம். இயந்திரத்தின் உள்ளே நடப்பதை வாக்காளரோ முகவரோ காண இயலாது. வாக்குப்பதிவின் இன்றியமையாப் படிகளைத் தொழில்நுட்ப அறிவில்லாக் குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டே ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் அந்நாட்டில் பயன்பட்ட இயந்திர முறையை ஏற்க மறுத்தது. இந்திய இயந்திரம் ஒன்றைக் கைவசம் பெற்றவர் அதனை மாற்றியமைக்க இயலும் என ஹரி பிரசாத், ஹால்டர்மேன், கோங்கிரிப் ஆகியோர் 2010இல் செய்துகாட்டினர். தேர்தல் காலக் காவல், முத்திரை, சோதனை ஆகியவற்றை மீறி இது நடைபெற இயலாது என்பது தேர்தல் ஆணையத்தின் மறுமொழி. ஆகவே விவாதத்தின் சுமை இயந்திரத்திலிருந்து அதன் காவலுக்கு மாறுகிறது.

விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் 2024 ஏப்ரல் 19 அன்று பதிவான வாக்குகள் ஜூன் 4 அன்றே எண்ணப்பட்டன. 46 நாட்கள் இயந்திரங்கள் பாதுகாப்பு அறையில் இருந்தன. விக்கிரவாண்டியிலோ பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே மூன்று நாட்களே. காலம் நீள நீளக் காவலின் ஒவ்வொரு சிறு தடையும் ஐயத்திற்கு வித்தாகும். அதே தேர்தலின்போது நீலகிரியில் பாதுகாப்பு அறையின் கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் சிறிது நேரம் தடைபட்டதே பெரும் செய்தியாயிற்று.

சரிபார்ப்பின் அளவு

இக்குறைக்கு விடையாகவே விவிபாட் என்னும் தாள் தணிக்கைக் கருவி வந்தது. வாக்காளர் தேர்ந்த சின்னம் அச்சிட்ட சீட்டை ஏழு நொடிகள் காட்டிய பின் அது பெட்டியில் விழும். இது நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. 2019 ஏப்ரல் ஆணைப்படி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேரும் 5 சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படுகின்றன.

விக்கிரவாண்டியின் 276 சாவடிகளில் 5 என்பது 1.8 விழுக்காடு. இது போதுமா என்பதற்கான விடை வெற்றி வேறுபாட்டைப் பொறுத்தது. அங்கு ஏறத்தாழ 1.95 லட்சம் வாக்குகள், அதாவது சாவடிக்குச் சராசரியாக 708 வாக்குகள் பதிவாயின. 67,757 வாக்கு வேறுபாட்டைப் புரட்ட 33,879 வாக்குகள் இடம் மாற வேண்டும். ஒரு சாவடியில் பாதி வாக்குகள் மாற்றப்பட்டதாகக் கொண்டாலும் 96 சாவடிகளில் பிழை நிகழ வேண்டும். அவ்வாறாயின் 5 சாவடிகளின் மாதிரியில் ஒன்றேனும் அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 88 விழுக்காடு.

திண்டிவனத்தில் நிகழ்ந்தது போன்ற 101 வாக்கு வேறுபாட்டைப் புரட்ட 51 வாக்குகள் போதும். அதற்கு ஒரே சாவடியில் நிகழும் பிழை போதுமானது. 276 சாவடிகளுள் அந்த ஒரு சாவடி 5இல் அகப்படும் வாய்ப்பு 1.8 விழுக்காடு மட்டுமே. எனவே ஒரே விதி பெரிய வெற்றியை ஓரளவு வலுவாகச் சரிபார்க்கிறது. நெருக்கமான வெற்றியைச் சரிபார்க்காமலே விட்டுவிடுகிறது. இக்கணக்கு முறைகேடு நடந்தது என்பதற்குச் சான்றாகாது. நடக்கவில்லை என நிறுவும் சான்றின் வலிமையையே அளக்கிறது.

எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்னும் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று ஏற்கவில்லை. எனினும் சின்னம் ஏற்றும் கருவிகளை முடிவு வெளியான பின் 45 நாட்கள் முத்திரையிட்டுப் பாதுகாக்கவும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றவர்கள் 7 நாட்களுக்குள் வேண்டினால் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காட்டு இயந்திரங்களைப் பொறியாளர் கொண்டு சோதிக்கவும் ஆணையிட்டது. இதுவும் வேறுபாட்டின் அளவைக் கருதாத நிலையான விழுக்காடே.

முடிவுரை

வாக்குச்சீட்டுக்குத் திரும்புவது செல்லாத வாக்கு, சாவடிக் கைப்பற்றல் ஆகிய பழைய சிக்கல்களை மீண்டும் கொணரும். இயந்திரத்தை ஐயமின்றி ஏற்பதோ தோற்றவரின் நியாயமான வினாவை விடையின்றி விடும். தாள் சீட்டுகள் ஒவ்வொரு சாவடியிலும் ஏற்கெனவே உள்ளன. தேர்தல் நடத்தை விதி 56டி-யின்படி எண்ணிக்கை முரண்பட்டால் சீட்டின் கணக்கே மேலோங்கும். ஆகவே வேறுபாடு சுருங்குந்தோறும் எண்ணப்படும் சாவடிகளின் எண்ணிக்கை பெருகுமாறும், மிக நெருக்கமான முடிவுகளில் எல்லாச் சீட்டுகளும் எண்ணப்படுமாறும் விதி அமைவதே பொருந்தும். விக்கிரவாண்டிக்கு 5 சாவடிகள் ஓரளவு போதுமானவை; திண்டிவனத்திற்கு அவை போதா.