தோடு தெளிவு, கண் மங்கல்

தாத்தா இறந்தபோது மாலை போட வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. அடையாள அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். கிள்ளானில் பாட்டி வீட்டுச் சுவரில் இன்றும் அதுதான் தொங்குகிறது. யாரையோ கண்டு பயந்ததுபோல ஒரு முகம். பாட்டியையாவது ஒழுங்காக ஒரு படம் எடுக்கவேண்டும் என்றுதான் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் பழைய கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்சும் வாங்கினேன்.

முதல் படத்தைப் பாட்டி உற்றுப் பார்த்தார். "தோடு நல்லா இருக்குப்பா. நான் எங்கே?" என்றார். தோட்டின் கல் மின்னியது. கண்கள் மங்கிக் கிடந்தன.

பின்னணி மங்கலாக இருந்தால் அழகு என்று எல்லாரும் சொல்வதால் லென்சை எஃப் 1.8 வரை முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் அப்படி எடுத்தால், என் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட வராது. அது போதாதென்று, நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, முகம் ஓரமாக வரட்டும் என்று கேமராவைத் திருப்பினேன். திருப்பியதும் தெளிவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பாட்டியும் முன்னால் சாய்ந்தார். காது தப்பித்தது!

இப்போது முதலில் சட்டகத்தை அமைத்துக்கொள்கிறேன். பிறகு ஃபோகஸ் புள்ளியையே நகர்த்தி, எனக்கு அருகில் உள்ள கண்ணின்மேல் வைக்கிறேன். எஃப் 4, இரண்டு மீட்டர் தூரம் என்றால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். கைப்பேசி வைத்திருப்பவர்கள் திரையில் கண்ணைத் தொட்டுவிட்டு எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

பயிற்சிக்குச் சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஜாலான் துன் சம்பந்தன் அஞ்சடியில் பூக்கட்டும் அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எடு தம்பி, ஆனா என் கை நிக்காது" என்றார். உண்மைதான். 1/60 வினாடியில் விரல்கள் புகையாகின. 1/250க்குப் போனதும் நின்றன. ஆனால் அக்காவின் தலையிலிருந்து ஒரு விளக்குக்கம்பம் முளைத்திருந்தது. இரண்டடி இடதுபக்கம் நகர்ந்தேன். கம்பம் மறைந்து, தொங்கும் மாலைகளே பின்னணி ஆயின. லென்ஸ் மாற்றவில்லை, கால்தான் மாறியது.

நம்மில் பலரது வீட்டில் ரமண மகரிஷியின் முகப்படம் இருக்கும். ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. பின்னணியில் எதுவுமே இல்லை. பார்வை நேராகக் கண்ணுக்குத்தான் போகிறது. எத்தனையோ நாள் பார்த்தும் அதை நான் கவனித்ததில்லை.

போன வாரம் மறுபடி கிள்ளான். பாட்டியைச் சமையலறைச் சன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவரை விட்டுத் தள்ளி உட்காரவைத்தேன். கேமராவைக் கண்டதும் அடையாள அட்டை முகம் வந்துவிட்டது. ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிச் சேலைக்கு எப்படி விலை பேசுவீர்கள் என்று கேட்டேன். கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். ஏழாவது படத்தில் கண் கிடைத்தது.

பாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா இப்பவே தாத்தா பக்கத்துல மாட்டிடாதே."

தொலைக்காட்சி அலமாரியில் வைத்திருக்கிறோம்.