எழினி: இழுத்தால் வரும் சுவர்

மேடைத் திரைக்குப் பழந்தமிழில் எழினி என்று பெயர். அகராதியைப் புரட்டினால் ‘திரைச்சீலை’ என்று பொருள் கிடைக்கும். அது பிழையில்லை, ஆனால் போதாது. இலக்கியத்தில் இச்சொல் ஆளப்பட்ட இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், வேண்டும்போது இழுத்து நிறுத்தி, வேண்டாதபோது விலக்கிவிடும் தடுப்பையே எழினி குறித்தது என்று தெரிகிறது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக் கூடாரம், வலிய கயிற்றில் கோத்த எழினியால் இரண்டு அறையாகிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் அமரும் புன்னை நிழலைச் சுற்றி ஓவியம் தீட்டிய எழினி வளைக்கப்படுகிறது. இரண்டிலும் நாடகம் இல்லை. திறந்த இடத்தை அறையாக்கும் வேலைதான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அதே வேலை நுட்பமாகிறது. 24 விரல் அளவுள்ள மூங்கிற்கோலால் அளந்து, 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரத்தில் அரங்கு எழுகிறது. அதில் மூவகை எழினி. ஒரு பக்கத்திலிருந்து உருவி இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. துணியையோ நிறத்தையோ வைத்துப் பிரிக்காமல், அசையும் விதத்தை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

இந்த விளக்கம் பல நூற்றாண்டுகள் பிந்திய உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தம் காலத்து மேடையைப் பார்த்து எழுதியதாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் அசைவைச் சொல்லும் பெயர்கள் மூலத்திலேயே உள்ளன, உரை அவற்றை விரிக்கிறது, அவ்வளவே. எல்லாமே காப்பியக் கற்பனை என்றால்? தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று அதே பகுதி சொல்கிறது. மேடையின் நடைமுறை அறிந்தவர்க்கே தோன்றும் கவலை அது. கதை நடக்கும் புகார் நகரில் அப்படியோர் அரங்கு நின்றதற்கு இது சான்றாகாது. அத்தகைய அரங்கின் இலக்கணம் காப்பியத்தை எழுதிய இளங்கோவுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

ஆகவே, தெருக்கூத்தில் வேடத்தை மறைத்து இருவர் பிடித்து நின்று, பின் விலக்கும் துணியைத் தாராளமாக எழினி எனலாம். காட்சி முழுக்க ஆடாமல் பின்னால் தொங்கும் அரண்மனைப் படுதாவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.