தேனி மாவட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஆய்வு வாய்ப்புகள்

தேனி மாவட்டம் தமிழ்நாட்டின் மேற்கு எல்லையில், வைகை ஆறு தோன்றும் வருசநாட்டு மலைகளையும் கம்பம் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கி அமைந்துள்ளது. இம்மாவட்டத்தில் தொல்லியல், உயிரியல், இயற்பியல், தோட்டக்கலை ஆகிய துறைகளில் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வு மேற்கொள்ள வாய்ப்புகள் உள்ளன. பெருநகர ஆய்வுக்கூடங்களிலிருந்து தொலைவில் இருப்பினும், தமிழக வரலாற்றில் ஏற்கப்பட்டிருந்த ஒரு கால எல்லையை மாற்றிய கண்டுபிடிப்பு இங்கு மாணவர்களின் கள ஆய்வில் நிகழ்ந்தது.

தொல்லியல்

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் அமைந்த புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த 3 நடுகற்கள் கண்டறியப்பட்டன. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய பேராசிரியர் கா. ராஜனின் வழிகாட்டுதலில், ஆய்வு மாணவர்கள் மேற்கொண்ட கள ஆய்வின்போது இவை வெளிப்பட்டன.

அதற்கு முன்னர் அறியப்பட்டிருந்த எழுத்துடைய நடுகற்கள் இவற்றைவிடப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை, வட்டெழுத்தில் அமைந்தவை. போரில் வீழ்ந்த வீரனின் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கத்தைச் சங்க இலக்கியம் கூறியிருந்தும், அதற்கு நேரடிச் சான்று கிடைத்திருக்கவில்லை. புலிமான்கோம்பைக் கற்கள் அக்குறையை நீக்கின. இவை கி.மு. காலத்தைச் சேர்ந்தவை என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சரியான நூற்றாண்டு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.

இக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுக்கப்பட்டது. ஆகோள் என்பது பகைவரின் ஆநிரைகளைக் கவர்தல் ஆகும். தொல்காப்பியம் வெட்சித் திணையில் குறிப்பிடும் துறைகளுள் ஒன்றின் பெயரும் இதுவே. கூடலூர் என்னும் பெயரில் ஓர் ஊர் இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. கல்லில் உள்ள ஊரும் அதுவும் ஒன்றுதானா என்பது போன்ற வினாக்கள் மாணவர் ஆய்வுக்கு ஏற்றவை.

இத்தகைய கள ஆய்வுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் விசாரித்தல், கிடைத்தவற்றை இருந்த இடத்திலேயே ஒளிப்படம் எடுத்தல், அளவுகளைக் குறித்தல், எழுத்துகளை மைப்படி எடுத்தல் ஆகியவையே முதன்மையான பணிகள். கல்லை இடம்பெயர்த்துவிட்டால் அது எந்த ஈமச்சின்னத்தோடு தொடர்புடையது என்ற செய்தி அழிந்துவிடும். பின்னர் அதனை மீட்க இயலாது.

உயிரியல்

மேகமலைப் பகுதியில் 1948ஆம் ஆண்டு இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் அட்டன் ஒரு வௌவாலைச் சேகரித்தார். அது பரவலாகக் காணப்படும் வேறொரு பழந்தின்னி வௌவாலாகக் கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைக்கப்பட்டது. தாய்லாந்து உயிரியலாளர் கிட்டி தோங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, 1972இல் புதிய பேரினமாக அறிவித்தார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரால் அது சலீம் அலி பழந்தின்னி வௌவால் என அழைக்கப்படுகிறது.

24 ஆண்டுகள் தவறான பெயரில் இருந்த ஓர் உயிரினம், சேகரித்த இடமும் நாளும் பதிவாகியிருந்தமையால் அறிவியலுக்குப் பயன்பட்டது. அருங்காட்சியகச் சேகரிப்புகளை மீளாய்வு செய்வதும் ஓர் ஆய்வு வாய்ப்பே என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

இயற்பியல்

போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மலையைக் குடைந்து சுமார் 2 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை அமைத்து, அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணரியை நிறுவுவது திட்டம். அண்டக் கதிர்களால் உண்டாகும் பிற துகள்களை மேலுள்ள பாறை தடுப்பதால், பாறையை எளிதில் ஊடுருவும் நியூட்ரினோக்களைப் பிரித்தறிய முடியும். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவானதும் இதே முறையில்தான்.

இத்திட்டத்திற்கான ஆய்வாளர்களை உருவாக்க 2008இல் முனைவர் பட்டப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய அரசு 2015இல் ஆய்வகத்திற்கு ஒப்புதல் அளித்தது. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி உணரி நிறுவப்பட்டது. ஆனால் நீராதாரம், காட்டுயிர், பாறைத் தகர்ப்பு பற்றிய அச்சத்தால் உள்ளூர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்குகளும் தொடர்ந்தன. இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது எனத் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆய்வகம் எழாத நிலையிலும், இதற்காகப் பயிற்சி பெற்ற மாணவர்கள் உணரிகள், கணினி ஒப்புருவாக்கம் ஆகியவற்றில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றனர்.

தோட்டக்கலை

பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் முக்கியப் பயிரான திராட்சைக்கென ஆனைமலையன்பட்டியில் தனி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

அனுமதிகள்

மேகமலைக் காடுகள் 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளன. இங்கு ஆய்வு செய்ய வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். தொல்லியல் அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் தேவை. தரையின் மேற்பரப்பில் காண்பவற்றைப் பதிவு செய்வதும் மண்ணைத் தோண்டுவதும் வெவ்வேறானவை என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நிதி உதவி

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், கல்லூரி வழியாக விண்ணப்பிக்கும் மாணவர்களின் செயல்திட்டங்களுக்குச் சிறு நிதி வழங்குகிறது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்று இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையின் மூலம் மாணவர்கள் சுமார் 2 மாதங்கள் ஓர் அறிவியலாளரின் வழிகாட்டுதலில் பணியாற்றலாம். விண்ணப்பிக்கும் முன் ஆய்வு வினாவையும் அதற்குத் தேவையான தரவுகளையும் ஒரு பக்க அளவில் எழுதி, பேராசிரியர் ஒருவரிடம் கருத்துக் கேட்பது நன்று.