ஓய்வு நேரத்தில் வீட்டுச் செல்வம்
தோட்டமும் அடுக்களையும் கைவேலையும்: காரமடைப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வார ஒழுங்கு

காரமடைப் பகுதியில் கறிவேப்பிலையும் வாழையும் விளைவித்து, மேட்டுப்பாளையம், கோயமுத்தூர்ச் சந்தைகளுக்கு அனுப்பும் குடும்பங்கள் பல உண்டு. சரக்கை ஏற்றிச் சென்ற வண்டி திரும்பி வருங்கால், வீட்டிற்கு வேண்டிய கீரை, கத்தரி, பருப்பு, கயிறு, துடைப்பம் யாவும் விலைக்கு வாங்கப்பட்டு அதிலேயே வந்து இறங்குகின்றன. விற்கும் பொருள் ஒன்று. வாங்கும் பொருள்களோ இருபது. விற்கும் பொருளின் விலை வீழ்ந்த காலத்தில் வாங்கும் பொருள்களின் விலையும் உடன் வீழ்வதில்லை. ஆதலின் ஒரே பயிரை நம்பிய குடும்பம் சந்தையில் ஒரு முறையும், அடுக்களையில் ஒரு முறையுமாக இருமுறை நஷ்டமடைகின்றது. யானையும் காட்டுப் பன்றியும் இறங்கி வாழையை அழித்த வருஷத்திலோ சொல்ல வேண்டுவதில்லை.

இந்நஷ்டத்தைக் குறைக்கும் வழி வீட்டைச் சுற்றியே உள்ளது. வீட்டுத் தோட்டம், சமையல், கைவேலை ஆகிய மூன்றையும் நம்மவர் பொழுதுபோக்கென்றும், பெண்டிர் காரியமென்றும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகின்றனர். ஒன்றின் கழிவு மற்றொன்றிற்கு முதலாகும்படி வாரத்தில் முறைவைத்துச் செய்வோமாயின், அம்மூன்றும் சேர்ந்து குடும்பத்திற்கு ஒரு சிறு காணி போல உதவும்.

தேக்கம்பட்டி காட்டிய வழி

இதற்குத் தூரதேசத்து உதாரணம் வேண்டுவதில்லை. தேக்கம்பட்டியில் வாழ்ந்த ஸ்ரீமதி பாப்பம்மாள் 1914-ல் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரிடம் வளர்ந்த அவர், பாட்டியாரின் மளிகைக் கடையை ஏற்று நடத்தினார்; உணவுக் கடையும் வைத்தார். அவற்றில் மிஞ்சிய பணத்தைக் கொண்டே சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார். பிற்காலத்தில் இரண்டரை ஏக்கரில் சிறுதானியம், பயறு, காய்கறி, வாழை ஆகியவற்றை இயற்கை முறையில் சாகுபடி செய்து, நூறு வயது கடந்தும் வயலில் இறங்கி உழைத்தார். இந்திய அரசாங்கத்தார் 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்துக் கௌரவித்தனர். 27-9-2024-ல் அவர் காலமானார்.

அவர் சரித்திரத்தில் நிலமுடையோர் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. கடையிலும் அடுப்படியிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த பொருளே அவருக்கு நிலமாயிற்று. நிலம் வந்த பின்னரும் ஒரே பயிரை நம்பாமல் பல பயிர்களை வைத்துக்கொண்டார்.

தோட்டம்

நான்கைந்து பேருள்ள குடும்பத்திற்கு 4 அல்லது 5 சென்ட் பூமி வீட்டுத் தோட்டத்திற்குப் போதுமானது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024-ல் வெளியிட்ட உணவு முறையின்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் காயுமாக சுமார் 400 கிராம் வேண்டும். ஐவருக்கு வாரத்திற்கு 14 கிலோவாகின்றது. இவ்வளவையும் விலைக்கு வாங்குவோர் சிலரே. ஆதலால் பல வீடுகளில் காய் குறைந்து சோறு மிகுகின்றது. நிலமுடையோர் இல்லத்திலும் இரத்தசோகை காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

கீரைப் பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைப்பது தவறு. சிறுகீரை 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். பாத்தியை நான்காகப் பிரித்து, வாரத்திற்கு ஒரு பங்காக விதைத்து வந்தால், முதல் மாதத்திற்குப் பின் ஒவ்வொரு வாரமும் ஒரு பங்கு பறிப்புக்கும் ஒரு பங்கு விதைப்புக்கும் ஆயத்தமாயிருக்கும். அவரை, பீர்க்கு, புடலை ஆகியவற்றை வேலியோரத்துப் பந்தலில் ஏற்றுக. முருங்கை ஒன்று, பப்பாளி ஒன்று, எலுமிச்சை ஒன்று மூலைகளில் நிற்கட்டும்.

தண்ணீருக்கென்று அஞ்ச வேண்டுவதில்லை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்துள்ளது. ஐவர் வீட்டில் அது 275 லிட்டர். குளித்ததும் பாத்திரம் கழுவியதுமாக அதிற் பெரும்பகுதி சாக்கடைக்கே போகின்றது. அந்நீரைச் சரளையும் மணலும் இட்ட சிறு குழியின் வழியாக வடியச் செய்து, வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் நல்ல நீரே பாய்ச்சுதல் வேண்டும்.

கறிவேப்பிலை பயிரிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. விற்பனைத் தோட்டத்தில் மருந்தடித்த செடியிலிருந்து அன்றைய குழம்பிற்கு இலை கிள்ளுதல் கூடாது. மருந்துக்குரிய காத்திருப்புக் காலம் வீட்டாருக்கும் பொருந்தும்; வாங்கி உண்பவருக்கும் பொருந்தும். வீட்டிற்கென்று இரண்டு செடிகளைத் தனியே வைத்து, பூச்சி கண்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்புத் தூளை இரவில் ஊறவைத்து, காலையில் வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்க.

அடுக்களை

கொள்ளு, பாசிப்பயறு கடைசலும், அரிசிம்பருப்புச் சாதமும், கம்பங்கூழும் நம் நாட்டுக்குரியவை. மானாவாரி நிலத்தில் விளைபவற்றைக் கொண்டே சமைக்கப்படுபவை. இவற்றை விருந்தினர் முன் வைக்க நாணுதல் தகாது. மிகுதியாக விளைந்த நாளில் சுண்டை, கொத்தவரை ஆகியவற்றை வத்தலாக்குக. மிளகாயை மோரில் ஊறவைத்து உலர்த்துக. கறிவேப்பிலையையும் முருங்கையிலையையும் நிழலில் உலர்த்தியே பொடி செய்க. கடும் வெயில் இலையின் சத்தையும் நிறத்தையும் கெடுக்கும்.

துவரையைச் செம்மண் கட்டும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது. செம்மண் குழம்பில் பிசறி, இரவில் குவித்துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தினால் தோல் எளிதிற் கழலும். வண்டின் தொல்லையும் குறையும். அவரை, தட்டை விதைகளைச் சாம்பலிற் கலந்து வைத்தால் அடுத்த பட்டத்திற்கு விதை வாங்க வேண்டுவதில்லை.

கைவேலை

தென்னையோலையைக் கிடுகாக முடைதலும், ஈர்க்கைத் துடைப்பமாகக் கட்டுதலும், தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்தலும் முதியோரும் செய்யத்தக்க வேலைகள். தார் வெட்டிய வாழையின் மட்டையை உரித்து உலர்த்திய நார், பூக்கட்டுவோருக்கு வேண்டியது. பாக்குத் தோப்புகளில் தானே உதிரும் மட்டையைக் கழுவி, அச்சில் அழுத்தினால் தட்டாகும்.

1-1-2019 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பல பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆதலின் பாக்கு மட்டைத் தட்டுக்கும் வாழையிலைக்கும் தேவை உண்டு. மாசி மாதத்தில் அரங்கநாதர் தேர்த்திருவிழாவுக்குக் காரமடையிற் கூடும் ஜனத்திரளை நினைத்தால், தை பிறந்ததும் இவ்வேலையைத் தொடங்குதல் நலமென்பது விளங்கும்.

வாரத்தின் ஒழுங்கு

திங்கட்கிழமை கீரைப் பாத்தியில் ஒரு பங்கு விதைப்பு. செவ்வாயன்று களையெடுத்துப் பந்தலைக் கவனித்தல். புதனன்று வத்தல், பொடி வேலை. வியாழனன்று ஓலையும் நாரும். வெள்ளியன்று கட்டுத்தரைச் சாணத்தையும் அடுக்களைக் கழிவையும் எருக்குழியிற் சேர்த்து மண் மூடுதல். சனிக்கிழமை விதை, பயறு, தானியம் உலர்த்திப் பார்த்தல். ஞாயிற்றுக்கிழமை கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டுவதில்லை.

கணக்கு இன்றியமையாதது. வாங்காமல் மிச்சமான பொருளுக்கும் அன்றைய சந்தை விலையிட்டு எழுதிவருக. ஒரு வருஷத்து ஏடு கையிலிருந்தால், பெண்டிரும் முதியோரும் குடும்பத்திற்கு ஈட்டித் தருவது எவ்வளவென்பதை யாரும் மறுக்க இயலாது. இவ்வேலை முழுவதையும் அவர் தலையிலேயே சுமத்துவதும் முறையன்று. எருக்குழி தோண்டுதல், பந்தல் நாட்டுதல், நீர் திருப்புதல் ஆகியவற்றை ஆடவர் ஏற்றல் வேண்டும்.

கிராம அலுவலர்களுக்கு

ஊராட்சி அலுவலர்கள் தெருச் சாக்கடையில் வீட்டு நீர் தேங்குமிடங்களைக் குறித்து, அவ்வீட்டாருக்கு வாழைக் கன்று வைக்கும் யோசனையைக் கூறலாம். சுயஉதவிக் குழுக்களுள் தட்டு, நார், பொடி செய்வோரைச் சந்தைக்கும் திருவிழா அன்னதானக் குழுவினருக்கும் அறிமுகப்படுத்தலாம். விதையும் பயிற்சியும் வேண்டுவோர் காரமடை வட்டாரம் விவேகானந்தபுரத்திலுள்ள அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம்.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் வீட்டுத் தோட்டம் தொடங்கத் தக்க காலங்கள். வருகிற பட்டத்திற்கு முன்னரே எருக்குழியை வெட்டி, விதையைச் சேகரித்து, ஏடொன்றையும் வாங்கி வைத்துக்கொள்க. பெரிய தோட்டத்தின் விலையைச் சந்தை நிர்ணயிக்கின்றது. புறக்கடைத் தோட்டத்தின் பயனை நிர்ணயிப்பவர் வீட்டாரே.