காங்கேசன்துறைக்கு வந்த உல்லாசக் கப்பல்



காங்கேசன்துறைக் கடல் பலவகைக் கலங்களைக் கண்ட கடல். காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கியமையாலேயே அத்துறைக்கு அப்பெயர் வாய்த்தது என்பது நம்மவர் வழிவழி கூறிவரும் மரபு. வடகரைத் துறைகளிலிருந்து யாழ்ப்பாணத்துப் புகையிலை தோணியேறித் திருவிதாங்கூருக்குச் சென்ற காலமும் உண்டு. பின்னர்ப் போர் வந்தது. துறைமுகத்தினுள் கலங்கள் மூழ்கிக் கிடந்தன. அவற்றை அகற்றிய பின்னர், 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16 ஆம் திகதி, இத்துறை அதுவரை கண்டிராத ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து இலங்கைத் துறைகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்த 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலே அது.

கோப்பாயிலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறையப் பத்துக் கட்டைத் தொலைவு. கப்பற் செய்தி எங்கள் பாடசாலைக்கு எட்டியபோது பிள்ளைகள் கேட்ட முதல் வினா, "இந்தக் கப்பல் எங்கே போகிறது, சேர்?" என்பது. மிக நல்ல வினா. ஏனெனில் இக்கப்பல் எங்கும் போவதில்லை. புறப்பட்ட துறைக்கே திரும்பி வருகின்றது. பயணமே அதன் பண்டம்.

இத்தகைய பயணத்துக்கு வித்திட்டது 1844 ஆம் ஆண்டு. பி அன்ட் ஓ என்னும் ஆங்கிலக் கப்பற் கம்பெனி, மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று விளம்பரம் செய்தது. கல்கத்தாவிற் பிறந்த நாவலாசிரியர் தாக்கரே அதன் இலவசச் சீட்டில் அவ்வாண்டு பயணஞ் செய்து, ஒரு நூலும் எழுதினார். எழுத்தாளனைக் கொண்டு வியாபாரம் வளர்க்கும் உபாயம் அன்றே தெரிந்திருந்தது போலும்! 1891 இல் ஜெர்மானியரான அல்பேர்ட் பாலின், குளிர்காலத்தில் அத்திலாந்திக் பயணிகள் குறைந்து கப்பல்கள் சும்மா கிடப்பதைக் கண்டு, அவற்றுள் ஒன்றை மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாவாக அனுப்பினார். அது நல்ல பயன் தரவே, உல்லாசத்துக்கென்றே ஒரு கப்பலைக் கட்டுவித்தார். 1900 இல் நீரிலிறங்கிய அக்கப்பல் 1906 இல் யமேய்க்காக் கரையில் மோதி அழிந்தது.

ஆயினும், உல்லாசக் கப்பலைப் பெருந்தொழிலாக்கியது ஆகாயவிமானம் என்றால் நேயர்கள் வியப்படையலாம். நம் ஊரிலிருந்து சீமைக்குப் படிக்கச் சென்ற முந்திய தலைமுறையினர் கொழும்பிற் கப்பலேறி, சுயெஸ் கால்வாய் வழியாக இரண்டு மூன்று கிழமை கடலிற் கழித்தவர்கள். 1950 களின் இறுதியில் ஜெட் விமானங்கள் அப்பயணத்தைச் சில மணி நேரத்துள் அடக்கத் தொடங்கின. ஊர் போய்ச் சேர வேண்டியவர் கப்பலை விட்டு விலகினர். எஞ்சியோர் கடலை விரும்பிய ஓய்வாளர். அவர்களுக்கென்றே 1968 இல் நோர்வே நாட்டவர் தொடங்கிய கம்பெனிகளுள் ஒன்றுதான் றோயல் கரிபியன்.

நமது விருந்தாளி அக்கம்பெனியின் பிள்ளை. 1990 இல் பிரான்ஸ் நாட்டின் சென் நசேர் தளத்திற் கட்டப்பட்டது. பிற்காலத்தில் 'குயீன் மேரி 2' உருவானதும் அத்தளத்திலேதான். 'நோர்டிக் எம்பிரஸ்' என்னும் பெயருடன், மயாமியிலிருந்து பஹாமாத் தீவுகளுக்கு மூன்று நான்கு நாட் பயணங்கள் செய்தது. 2004 இற் பெயர் மாறிற்று. 2008 இல் ஒரு ஸ்பானியக் கம்பெனிக்குச் சென்றது. 2016 இற் பழைய வீட்டுக்கு மீண்டது. 2017 இல் கியூபாவின் ஹவானாத் துறைக்குச் சென்றது. 2019 இல் அமெரிக்க அரசு அவ்வழியை அடைத்தது. 2020 இல் பெருந்தொற்று உலகக் கப்பல்களையெல்லாம் முடக்கியபோது இந்திய நிறுவனமொன்று இதனை வாங்கி, 2021 செப்டெம்பரில் மும்பையிலிருந்து 'கோர்டெலியா' என்னும் வணிகப் பெயருடன் ஓடவிட்டது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனுக்கு இளைய மகளின் பெயரும் அதுவே என்பதை இலக்கியம் படித்தோர் நினைவுகூர்வர்.

கப்பலின் நீளம் ஏறக்குறைய 211 மீற்றர். அகலம் 30 மீற்றர். அறைகள் 800 அளவில். அறைக்கு இருவர் எனின் 1,600 பேர் தங்கலாம். அதன் கொள்ளளவு 48,500 தொன்னுக்குச் சற்று மேல் என்பர். இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. இந்தத் 'தொன்' எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் அளவையே அது குறிக்கின்றது. முற்காலத்தில் 100 கன அடி ஒரு தொன் எனக் கணக்கிட்டனர். இப்போது வேறொரு வாய்பாடு உண்டு. உல்லாசக் கப்பல் விற்பது இடத்தையாதலின், அதற்கு இவ்வளவையே பொருத்தம்.

நடுவிலே பல தட்டுகளை ஊடுருவி உயரும் பெருங்கூடம், நாடக அரங்கு, நீச்சற் குளம், உணவுச்சாலைகள், சூதாட்டக் கூடமும் உண்டு. இவற்றினும் என் மனத்தைக் கவர்வது நீரின் கதை. ஆயிரக்கணக்கானோர் குளிக்கவும் குடிக்கவும் வேண்டிய நன்னீரை இத்தகைய கப்பல்கள் கடலிலிருந்தே பெறுகின்றன. இயந்திரத்தின் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு, காற்றழுத்தம் குறைந்த கலத்தில் உப்புநீரைக் கொதிக்கச் செய்கின்றனர். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அவ்வாவியைக் குளிர்வித்தால் நன்னீர். வேறு சில கப்பல்களில் மென்சவ்வினூடே கடல்நீரை அழுத்திச் செலுத்தி உப்பை வடிப்பர். 2024 இல் வடமராட்சி கிழக்கின் தாழையடியிற் திறக்கப்பட்ட நிலையம் இவ்வடிப்பு முறையைச் சார்ந்தது. கிணற்று நீரையே நம்பி வாழ்ந்து, அது உவராவதைக் கண்டு கலங்கும் நமக்கு இக்கல்வி வேண்டியதே.

இனி, கரையிலுள்ள நமக்கு இதனால் என்ன பயன்? உண்டியும் உறையுளும் கப்பலிலேயே விலைபேசப்பட்டவை. ஆகவே பயணியின் பணப்பையிற் பெரும்பங்கு கரை காணுமுன்பே அவிழ்ந்துவிடுகின்றது. எஞ்சுவது வான் சாரதிக்கும் வழிகாட்டிக்கும், பனங்கட்டியும் ஒடியலும் விற்பவருக்குமே. அதுவும் சிறிதன்று, ஆனால் பெரிதாக எண்ணி ஏமாறலாகாது.

பாக்கு நீரிணையின் பழைய பயணிகள் வேறு வகையினர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த சேவையும் போர்க்காலத்தில் நின்றது. 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' புறப்பட்டுச் சில நாட்களில் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' அவ்வழியைத் தொடர்ந்தது. ஏறக்குறைய நூற்றைம்பது பேர், நான்கு மணி நேரம். உறவினரைக் காணவும் கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் செல்வோர் அதில் ஏறுவர். துறைமுகப் புனரமைப்புக்கு 2024 இல் இந்தியா 61.5 மில்லியன் அமெரிக்க டொலரை நன்கொடையாக அளிக்க இசைந்தது. அப்பணத்தாற் துறை செம்மையுறும்போது, பெருங்கப்பலுக்கு முன் இச்சிறுகப்பலின் தேவையை எண்ண வேண்டும் என்பது என் கருத்து. பருவக்காற்று மாறுங் காலத்தில் முதலில் நின்றுபோவது சிறுகலமே.

உல்லாசக் கப்பலில் வருவோரையும் நாம் முகமலர்ந்து வரவேற்போம். அவர்களுக்குக் கரையிற் கிடைப்பது ஒரு பகற்பொழுது. கீரிமலை, மாவிட்டபுரம், நல்லூர், கோட்டை, பொதுசன நூலகம் ஆகியவற்றை அதற்குள் காணலாம். நயினாதீவை அப்பட்டியலிற் சேர்க்க விரும்பும் வழிகாட்டிகள், குறிகட்டுவான் வரையுள்ள வீதியையும் அதற்கப்பாலுள்ள படகுப் பயணத்தையும் கணக்கிற்கொண்டு, கப்பல் புறப்படும் நேரத்தை முதலிற் கேட்டறிதல் வேண்டும். பிந்தி வருவோருக்காக அது நெடுநேரம் காத்து நிற்பதில்லை.